கேனபிக்கு வைத்த புள்ளி

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், முன்பு வாழைத்தார் பழுக்கவைத்த தகரக் கொட்டகையில் நானும் என் மனைவியும் ஒரு விமானம் கட்டினோம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். நான் கைலாசபுரம் பாய்லர் ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இரும்போடு மல்லுக்கட்டியவன். ஓய்வு பெற்றபின் பிடிவாதமாகப் பறக்கக் கற்று லைசென்ஸும் வாங்கினேன். அவள் காலேஜில் தாவரவியல் நடத்துகிறாள். தென்னூர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்து, திட்டிக்கொண்டே ரிவெட் அடிப்பாள்.

மிச்சமிருந்தது கேனபி. விமானியின் தலைக்கு மேல் கவிழ்கிற கண்ணாடி மூடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது அக்ரிலிக். ஒரே வார்ப்பு, ஒரே துண்டு. உடைந்தால் இன்னொன்று கடல் தாண்டி வரவேண்டும்.

எனக்கோ அவசரம். காரணத்தை அவளிடம்கூடச் சொல்லவில்லை. சில மாதங்களாக என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. தனியாகப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அவர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை எழுதினார், இது கூடிக்கொண்டேதான் போகும் என்றார். அடுத்த மருத்துவப் பரிசோதனையோடு என் லைசென்ஸ் போய்விடும். அதற்குள் ஒரே ஒரு தடவை, நான் கட்டியதை நானே ஓட்டிவிட வேண்டும். தப்பு என்று தெரியும். தெரிந்தும் வெறி பிடித்தவன் மாதிரி வேலை செய்தேன்.

கேனபியோடு வந்த குறிப்பில் குளிரில் வெட்டாதே, ரம்பம் வைக்காதே, சுத்தியல் தொடாதே என்று இருந்தது. முதல் வரிக்கு இருவரும் சிரித்தோம். சித்திரை மாதத் திருச்சியில் குளிருக்கு எங்கே போவது? அரவைச் சக்கரத்தால் விளிம்பை வெட்டி, சட்டத்தில் வைத்துப் பார்த்து, எடுத்து, மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. சட்டத்தோடு திருகிப் பூட்டத் துளைகள் போடுவதுதான் பாக்கி.

முதல் துளைக்கு டிரில்லைத் தூக்கினேன். கை ஆடியதில் நுனி வழுக்கி ஓடியது. இரண்டாம் தடவையும் ஓடியது. அவள் எதிர்ப்பக்கம் கேனபியை அணைத்துப் பிடித்திருந்தாள். பார்த்துவிடுவாளோ என்று உடம்பைத் திருப்பிக் கையை மறைத்துக்கொண்டேன். இரும்பு என்றால் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் புள்ளி போடுவோம். அந்தக் குழியில் டிரில் நுனி அசையாமல் நிற்கும். ஃபிட்டர் கை யாரையும் கேட்காமல் செய்கிற வேலை அது. பஞ்சை எடுத்தேன். மெதுவாகத்தான் தட்டினேன்.

புள்ளியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியது.

"சுத்தியல் தொடக்கூடாதுன்னு போட்டிருந்துச்சேங்க?"

"பழக்கதோஷம். முப்பது வருஷப் பழக்கம், சும்மா போயிடுமா?"

அவள் விரிசலைப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"கை நடுங்குறதுங்க."

அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. "இன்னொன்னு வர்றதுக்குள்ள எனக்கு டம்ளரே பிடிக்க முடியாதுடி, தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். பஞ்சைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பிறகு காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவள் என்னைத் தேற்ற வரவில்லை. கேனபியை விட்டு நகரவும் இல்லை. "அழுதுட்டு வாங்க. இது இன்னும் ஓடாம இருக்க என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. வார்ப்பிரும்புக்கும் அதே வைத்தியம்தான். சொன்னேன். அவள் டிரில்லை வாங்கிக்கொண்டாள். செடித் தண்டை பிளேடால் கண்ணுக்கே தெரியாத மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பழகிய கை அது. புள்ளி இல்லாமலே நுனி நின்றது. விரிசல் துளைக்குள் போய் நின்றுவிட்டது. மற்ற துளைகளையும் அவளே போட்டாள். நான் பின்னால் மரக்கட்டையால் அணை கொடுத்தேன்.

எல்லாம் பூட்டி முடித்த சாயங்காலம், "ஏறி உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கேனபியை மூடினாள். வெளிச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. விரிசல் என் இடது கண்ணுக்கு நேரே இருந்தது. வலது கையால் ஓட்டும் பிடியைப் பிடித்தேன். அதை அசைத்தால் இறக்கைகளின் பின்விளிம்பில் இருக்கும் தகடுகள் ஏறி இறங்கும்; தகட்டைப் பிடித்தால் பிடியும் அசையாது.

தகடுகள் நடுங்கின. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் இடது இறக்கைப் பக்கம் போய், தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். என் கைக்குள் பிடி அசையாமல் நின்றது. இனி நான் பறக்கப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிடியிலிருந்து கையை எடுத்தேன். அது தெரியாமல் அவள் இன்னும் தகட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.