காது குத்தியும் அழாத பிள்ளை

தங்கை மகனுக்கு மொட்டை அடித்துக் காது குத்த, வேன் பிடித்துத் திருத்தணிக்குப் போனோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணெரிச்சலோடு அப்படியே வந்து வேனில் ஏறினேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும், நான் போகாமல் இருக்க முடியுமா?

பிள்ளைக்கு இரண்டு வயது. வண்டி ஏறினாலே வாந்தி. பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் போனால்கூட என் தங்கை துண்டும் கவருமாகத்தான் போவாள். அன்றைக்கு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டு ஜனம். "எல்லாம் புதுத்துணி, இவன் நாறடிச்சிடப் போறான்" என்று கிளம்பும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு பேச்சு போதாதா, என் தங்கையைக் கலங்கடிக்க.

பெரியபாளையம் வருவதற்குள் கக்கிவிட்டான். ஓரமாக நிறுத்திக் கழுவிக்கொண்டு மறுபடி கிளம்பினோம். அதற்குப் பிறகு தூங்க ஆரம்பித்தவன்தான். திருப்பாச்சூர் தாண்டியும் தூக்கம், மலை ஏறும்போதும் தூக்கம். "சமத்து, சத்தமே இல்ல பாரு" என்று வேனே கொண்டாடியது. நானும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

மொட்டை அடிக்கிற இடத்தில் மற்ற பிள்ளைகளெல்லாம் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. இவன் தலை மட்டும் மாப்பிள்ளையின் கையில் துவண்டு கிடந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இமை லேசாக அசைந்ததோடு சரி. சந்தனம் பூசி என் மடியில் வைத்தபோதே எனக்கு மனசு சரியில்லை.

"இன்னாம்மா, புள்ள கண்ணே தொறக்கல?"

"ராத்திரியெல்லாம் தூங்கலண்ணா. அசதி" என்றாள் தங்கை.

திமிறுவான் என்று இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி வலது காதில் ஊசியை ஏற்றினார். பிள்ளை திமிறவில்லை. என் கைக்குள் இருந்த அந்தச் சின்ன விரல்கள் மடங்கக்கூட இல்லை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மாமன் மடின்னா சும்மாவா? புள்ளைக்கு வலியே தெர்ல பாரு!" என்று கிண்டலடித்தார் தங்கையின் நாத்தனார்.

"நிறுத்துய்யா!" நான் போட்ட சத்தத்தில் ஆசாரி பின்னால் நகர்ந்துவிட்டார். "இன்னா குட்த்தீங்க இவனுக்கு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

தங்கை முதலில் வாய் திறந்தாள். சளிக்கு வைத்திருந்த சிரப்பைக் காலையில் ஊற்றியிருக்கிறாள், கக்காமல் அழாமல் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்று. மாப்பிள்ளை, "மெடிக்கல்ல வாந்தி மருந்து கேட்டு வாங்கி, வேன் ஏறும்போது ஒரு மூடி குட்த்தேன் மச்சான்" என்றார். நாத்தனார் குரல் இறங்கிப் போயிருந்தது. "கக்கினதுல மருந்தும் வெளிய பூட்டிருக்கும்னு நெனச்சேன் தம்பி. பஸ் ஏறும்போது நான் போட்டுக்கிற வாந்தி மாத்திரையில பாதிய வாழப்பழத்துல நசுக்கி ஊட்டினேன்."

"ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த சொல்லிக்க மாட்டீங்களா? இன்னா ஜனம்யா நீங்க!" என்று கத்தினேன். யாரைத் திட்டுவது? எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை என்றால் எல்லோருக்கும் பிள்ளை. ஒரு கை இட்லி ஊட்டும், இன்னொரு கை பிஸ்கட் திணிக்கும், யாரும் யாரையும் கேட்பதில்லை. மருந்தையும் அப்படியே ஊட்டிவிட்டார்கள்.

இரண்டு மருந்து பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே வேனில் மலையிறங்கினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சளி சிரப்பும் தூங்க வைக்கும், வாந்தி மருந்தும் தூங்க வைக்கும். மூணும் சேர்ந்தா இந்தக் குழந்தை எப்படித் தாங்கும்? கக்கினா எவ்வளவு வெளிய போச்சுன்னு உங்களால சொல்ல முடியுமா? அதுக்குத்தான் மறுபடி கொடுக்கக் கூடாதுங்கறது. பெரியவங்க மாத்திரையை உடைச்சா அது குழந்தை மாத்திரை ஆயிடாது. இந்த வயசுக்கு டாக்டரைக் கேக்காம எதையும் கொடுக்காதீங்க."

"பொழைச்சுக்குவானா டாக்டர்?" என்று கேட்டாள் தங்கை.

"மூச்சைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். முழிக்கட்டும், அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதீங்க."

விரலில் ஏதோ மாட்டி, மெஷினில் எண் ஓடவிட்டார்கள். நான் எண்ணைப் பார்க்கவில்லை, அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. கொஞ்சம் தாமதித்து ஏறினால் என் மூச்சும் நின்றது. உலைக்கு முன்னால் நிற்கிற வேலையில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. வெளியே நாத்தனார் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் இருந்த கோபம் அதைப் பார்த்ததும் போய்விட்டது. நாள் முழுக்க யாரும் சாப்பிடவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவன் புரண்டான். கண்ணைத் திறந்தான். யாரென்று தெரியாததுபோல் எல்லோரையும் பார்த்தான். பிறகு கை மெதுவாக வலது காதுக்குப் போனது.

"மாமா, வலிக்குது" என்று உதட்டைப் பிதுக்கி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதான்.

அவன் அழக் கூடாது என்று காலையில் சிரப்பை ஊற்றிய என் தங்கை, அவன் காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அழுடா கண்ணு. நல்லா அழு."