முதல் படம் கரைக்கு

போர்நிறுத்தம் என்ற பெயர் மட்டும் மிச்சமிருந்த நாட்களில் நான் கடல் நத்தைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடில்லாத நத்தைகள். விரல் நகமளவு உடம்பில் இருக்கிற நிறமெல்லாம் பூசிக்கொண்டு பாறையில் ஊர்பவை. களுதாவளைக்கு வெளியே கடலுக்கடியில் பாறைத்திட்டாகக் கிடக்கும் கற்பாரில் என்னென்ன வகை இருக்கிறது, போன தடவை கண்டது இந்தத் தடவையும் இருக்கிறதா என்று பதிவு செய்வதுதான் வேலை. ஊரில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தபோது நத்தை காணாமல் போனதா என்று தேடியவன் நான். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என்னோடு சுழியோடியவர் கதிரவெளியில் சங்கு குளித்தவர். அங்கே இருக்க முடியாமல், களுதாவளையில் மனைவியின் தங்கை வீட்டில் குடும்பத்தோடு ஒதுங்கியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் பாறையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு தேடும்போது அவர் தோளில் தட்டி, நான் தாண்டி வந்த இடத்தைக் காட்டுவார். கரைக்கு வந்து நான் புத்தகத்தை விரித்துக் கொம்பின் நிறம், முதுகுச் செவுளின் வடிவம் என்று ஒப்பிட்டு ஒரு பெயரை எழுதுவேன்.

“இது வேற சாதி தம்பி. கொம்பு நுனியப் பாருங்க.”

பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். படித்தவன் நான் என்பதால் எனக்கு எரிச்சல் வரும்.

இடத்தைக் குறிக்கும் கருவி எதுவும் கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு பிலிம் சுருளிலும் முதல் படம் கரைக்கு. வள்ளத்தில் இருந்தபடி, ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் பிள்ளையார் கோயில் கோபுரமும் ஒரே நேராக வரும்போது ஒரு படம் எடுத்துவிட்டுக் குதிப்போம். கழுவிய படங்களைப் பார்த்தால் எந்த இடத்து நத்தை என்று தெரிந்துவிடும். பிறகு ஆமிக்காரர் பங்கருக்கு மரம் வேண்டுமென்று பனையைத் தறித்தார்கள். அந்த இடத்தில் ஒரு காவல் கோபுரம் எழும்பியது. அடையாளத்துக்குப் பனையைவிட நன்றாகத்தான் இருந்தது.

“அத எடுக்காதீங்க தம்பி. நான் கண்ணால பாத்தே இடத்தப் புடிச்சிருவன்.”

“உங்கட கண்ண அறிக்கையில ஒட்டேலாது அண்ணன்” என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கழுவக் கொடுத்த சுருளை மட்டக்களப்பு டவுனில் போய் எடுக்கவேண்டிய நாளன்று, எனக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. அந்த ஒரு படத்தோடு சோதனைச் சாவடியைத் தாண்டப் பயமாக இருந்தது. அண்ணன் எப்படியும் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், வரும்போது எடுத்துவரட்டும் என்று ரசீதைக் கொடுத்தேன். அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் பயம் தெரிந்துவிடுமே. திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்து அவரை இறக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் என்னை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி படங்களை மேசையில் பரப்பியிருந்தார். முழுக்க நத்தைகள், நடுவே ஒரு காவல் கோபுரம். இதை எடுத்தது யார் என்று கேட்டார்.

“தண்ணிக்குக் கீழ எடுத்ததெல்லாம் நான். இது எனக்குத் தெரியாது.”

என்னை யாரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. பிளேன் டீ ஒன்று தந்தார்கள். அதையும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவருடைய மனைவி வந்து வாசலில் நின்றார். “நீங்க படிச்ச ஆள், நீங்க போய்ச் சொன்னா விடுவாங்க தம்பி” என்றார். சொல்லவேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் விட்டார்கள். பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். அடித்த அடியில் இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது, இனிக் கடலுக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சுழியோடுகிறவனுக்குக் காது போனால் என்ன மிச்சம்? உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல காலம் தம்பி, நீங்களும் அப்பிடியே சொன்னீங்க. படம் எடுத்தது நான், தம்பிக்கு ஒண்டும் தெரியாதெண்டு புடிச்ச அண்டைக்கே சொல்லிப்போட்டன். நீங்க வந்து, இல்ல நான்தான் எண்டு சொல்லிருவீங்களோ எண்டுதான் எனக்குப் பயம். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ளதான். நீங்க புத்தியான ஆள்.”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், “ஓம் அண்ணன், யோசிச்சுத்தான் சொன்னன்” என்றேன்.

கேட்கவில்லை என்று மற்றக் காதை என் பக்கம் திருப்பினார். நான் குனிந்து, அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.