குற்றாலத்தில் ஐக்கிய மாகாணத்துக்குப் பெயர் வைத்தோம்

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. மதுரை ஸ்டேஷனில் தென்காசிக்கு இரண்டு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கியபோது எனக்குக் குற்றாலத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. என் முழங்கால் வலிக்கு அருவிக் குளியல்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னவருக்கு என்ன செலவு? நான் ஹைஸ்கூலில் பூகோளம் நடத்துகிறவன். இருபத்தாறு வருஷமாக மலைகளையும் ஆறுகளையும் சுவரில் தொங்கும் படத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டியே சம்பளம் வாங்கியவன். அவற்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. நாடு விடுதலை பெற்ற மறு வருஷம் ஆடி மாதத்தில், என் மனைவிதான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என்னைக் கிளப்பினாள்.

விருதுநகரில் வண்டி மாறினோம். ராஜபாளையம் வரும் முன்பே மேற்கே மலை வந்து சேர்ந்துகொண்டது. சங்கரன்கோவிலில் வெயில் கொளுத்தியது. கடையநல்லூரில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அங்கே ஜவுளி மூட்டையோடு ஏறிய ஒரு ராவுத்தர் எனக்கு எதிரில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். பாதிப் பக்கம் படித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஐக்கிய மாகாணத்துக்குப் பேரு மாத்தப் போறாவளாம். காசி, அலகாபாத்தெல்லாம் இருக்குல்லா, அந்த மாகாணம். ஆரியாவர்த்தம்னு வைக்கணும்னு ஒரு கட்சி, இந்துஸ்தான்னு வைக்கணும்னு ஒரு கட்சி. நீங்க என்ன சொல்லுதிய?"

"என் படத்தில் பழைய பெயர்தான் அச்சாகியிருக்கிறது. மாற்றினால் ஸ்கூலில் புதுப் படம் வாங்கித் தரமாட்டார்கள். நான்தான் காகிதம் ஒட்ட வேண்டும்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஒன்பது நாளும் இந்தப் பெயர் விவகாரம் என்னை விடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பகல் ஒன்றே முக்கால். தென்காசி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கோயில் கோபுரம். நெருப்பில் வெந்து, உச்சியிலிருந்து பிளந்து, இரண்டு மொட்டைச் சுவர்களாக நிற்கிறது. நடுவில் வானம் தெரிகிறது. அத்தனை பெரிய காயத்தோடு ஒரு கட்டடம் நிமிர்ந்து நிற்பதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கோயில் வாசலுக்குள் நுழைந்தால் காற்று ஆளைப் பின்னால் தள்ளுகிறது. என் மேல்துண்டு பறந்து போய் ஒரு பூக்காரியின் கூடையில் விழுந்தது. அவள் அதை மடித்துத் தந்து, "புது ஆளு போல" என்றாள்.

குற்றாலம் மூன்று மைல். ஜட்காவுக்குப் பன்னிரண்டு அணா. இரண்டு பக்கமும் வயல். அதற்கு மேல் மலை, மலைக்கு மேல் மேகம். வழி நெடுக வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் விழுந்தன.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் பெயர் சுப்பையா. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயல் உண்டு. சீசனில் வீட்டின் பாதியை வாடகைக்கு விடுவார். இரண்டு அறை, சமையலுக்குத் தனி இடம், வாரத்துக்கு எட்டு ரூபாய்.

"வாங்க சார்வாள், வாங்கம்மா. நல்ல சாரல்ல வந்திருக்கிய" என்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். மீசைதான் பெரிசு, மனிதர் பரம சாது. உள்ளே திரும்பி, "ஏட்டி செல்லம்மா, காப்பி கொண்டா" என்றார்.

காப்பி கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தாள். முகம் இந்தப் பக்கத்து முகம் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் அசல் திருநெல்வேலி. "சீனி போதுமா அக்கா? இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று என் மனைவியிடம் கேட்டாள்.

சுப்பையாவே கதையைச் சொன்னார். அவர் ஐக்கிய மாகாணத்து ஜான்சியில் இருந்தபோது முகாமுக்குப் பால் ஊற்றியவரின் மகள் அவள். அங்கேயே ஒரு கோயிலில் தாலி கட்டி, ஊருக்குக் கூட்டிவந்துவிட்டார். "இவ பேரு எங்க அம்மா வாயில நுழையல சார்வாள். வாசப்படி ஏறும்போதே செல்லம்மான்னு கூப்பிட்டுட்டா. அதுவே நிலைச்சுப் போச்சு. அம்மா போயி ரெண்டு வருசமாச்சு." நல்ல காரியம் நடந்ததைச் சொல்லும் குரலில்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். எத்தனை வீட்டில் இது நடக்கவில்லை!

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. பேரருவியை நான் பார்க்கும் முன்பே கேட்டுவிட்டேன். கடைத்தெரு இரைச்சல் என்று நினைத்தேன். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் நாலணாவுக்கு என் முழங்காலைப் பிசைந்து எடுத்தார். வலி தாங்காமல் தலையைத் தூக்கிப் பார்த்தபோது பனி விலகியது. ஐயா, நான் என்ன சொல்ல! மலையின் நெற்றியிலிருந்து தண்ணீர் இறங்கி, நடுவில் ஒரு பாறைக்குழியில் விழுந்து பொங்கி எழுந்து, அங்கிருந்து மறுபடி குதிக்கிறது. பூகோளப் பாடத்தில் 'ஆறு உயரமான இடத்திலிருந்து விழுவது நீர்வீழ்ச்சி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அந்த ஒரு வரிக்காக அங்கேயே வெட்கப்பட்டேன்.

கிட்டே போகப் பயமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். தலையிலும் தோளிலும் யாரோ நூறு பேர் சேர்ந்து அடிப்பது போல இருந்தது. மூச்சு முட்டியது. பிறகு பயம் போய்விட்டது, யோசனையும் போய்விட்டது. என் வயதும் உத்தியோகமும் கூட எனக்கு நினைவில்லை. பத்து நிமிஷமோ அரை மணியோ, வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். நனைந்த முகத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் என் மனைவியும் சுப்பையாவின் மனைவியும் சேர்ந்து குளித்தார்கள். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது மனைவி மெல்லச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு அருவிக்குள்ள நின்னுக்கிட்டு வாயைத் திறந்து என்னமோ கத்துச்சுங்க. பயந்தே போனேன். என்னன்னு கேட்டா, என் பேரைச் சொல்லிக்கிடுதேன் அக்கான்னுது."

"பெயரையா?"

"அவ பேரு ராம்துலாரி. அங்கே கத்தினா யாருக்கும் கேட்காதாம். அப்பப்ப சொல்லிக்கலேன்னா எனக்கே மறந்து போவும்ங்கிறா. அவங்கப்பா போன வருஷம் செத்துப் போயிட்டாராம். இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட உலகத்துல ஆள் இல்லையாம்."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. தென்காசியில் ஒரு வாசகசாலையில் தர்க்கக் கூட்டம். பொருள்: 'ஐக்கிய மாகாணத்துக்குப் புதுப் பெயர் தேவையா?' பூகோள வாத்தியார் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று சுப்பையா எங்கேயோ சொல்லி, என்னைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுபது எண்பது பேர் கூடியிருந்தார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு மாகாணத்துக்காக இந்த ஊர் கடையை அடைத்துவிட்டு வந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

முதலில் ஒரு வக்கீல் எழுந்தார். ஆரியாவர்த்தம் என்று வைத்தால் தெற்கே உள்ள நாமெல்லாம் யார் என்று கேட்டு மேஜையைக் குத்தினார். சோடா பாட்டில் உருண்டது. பிறகு ஒரு ஜவுளிக் கடைக்காரர். "காசி அங்கன இருக்கு, தென்காசி இங்கன இருக்கு. அவுக பேரை மாத்துதாவன்னா நம்மகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்லா? நமக்கும் பாத்தியதை உண்டு" என்றார். இந்த நியாயத்துக்கு ஏகப்பட்ட கைதட்டல்.

கடைசியில் சுப்பையா. அந்த மாகாணத்தில் வாழ்ந்தவர் என்பதால் அவர் பேச்சுக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டாளத்துச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"நான் ஜான்சியில அஞ்சு வருசம் அந்தச் சனங்க உப்பைத் தின்னவன். லக்னோவில நாலு பேரு, டில்லியில நாலு பேரு உக்காந்து பேரு வைக்காவளே, அந்த மண்ணுல பொறந்தவங்கள ஒரு வார்த்தை கேட்டாவளா? அவன் பேரு என்னன்னு அவன்தான சொல்லணும்? அடுத்தவன் வாய்க்கு வசதியா இருக்குன்னு ஒரு பேரை வச்சிரலாமா? அதுக்கா சுதந்திரம் வாங்கினோம்?"

கூரை அதிர்ந்தது. நானும் தலைமை ஸ்தானத்தை மறந்து கை தட்டினேன். அந்த மாகாணத்து ஜனங்களைக் கேட்டே பெயர் வைக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, லக்னோவுக்குத் தபாலில் அனுப்புவதென்று முடிவாயிற்று. முடிந்து வெளியே வந்தால், கோயிலுக்குப் போயிருந்த எங்கள் இரண்டு பேர் மனைவிமாரும் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியில் வண்டியில் சுப்பையா ஒருவர்தான் பேசினார்.

திங்கட்கிழமை, காலை பத்து மணி. தாலுகா ஆபீசிலிருந்து ஓட்டர் லிஸ்ட் எழுத ஒருவர் வந்தார். இருபத்தொரு வயது ஆன ஆண் பெண் எல்லோருக்கும் இனி ஓட்டு என்று விளக்கிவிட்டு, முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். சுப்பையா பழைய ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்து, தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார்.

"வீட்டுல பொம்பளையாளு?"

"ஒருத்திதான். செல்லம்மா. எழுதிக்கிடுங்க."

பேனா காகிதத்தில் பட்டதோ இல்லையோ, உள்ளே அம்மி ஓசை நின்றது. தேங்காய்ச் சக்கை ஒட்டிய கையோடு அவள் நிலைப்படிக்கு வந்தாள்.

"அந்தப் பேரை எழுதாதிய. என் பேரு ராம்துலாரி."

வெளியாள் முன்னால் வீட்டுப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லும் வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. புருஷனோ மாமனாரோதான் சொல்வார்கள். வந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சுப்பையாவைப் பார்த்தார். சுப்பையாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, உள்ள போ. நான் பேசிக்கிட்டிருக்கேன்லா?"

"நேத்து சபையில பேசினியளே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். அந்த மண்ணுல பொறந்தவங்கள ஒரு வார்த்தை கேட்டாவளான்னு சொன்னிய. நானும் அங்கன பொறந்தவதான். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசமாச்சு. என்னைய யாரு கேட்டா?"

குரல் உயரவில்லை. வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, உங்க பழைய ரேஷன் கார்டுல செல்லம்மான்னு இருக்கு. இங்கன வேற பேரு எழுதினா, நாளைக்கு ஒத்துப் பாக்கும்போது பேரை அடிச்சாலும் அடிச்சிருவாங்க. ஓட்டே இல்லாமப் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"என் பேருல இல்லாத ஓட்டு எனக்கு எதுக்கு? அது செல்லம்மா ஓட்டு. அவ வந்து போட்டுக்கிடட்டும்."

சனிக்கிழமை அருவியின் முன்னால் எப்படி வாயடைத்து நின்றேனோ அப்படித்தான் இருந்தது எனக்கு. எண்பது பேர் கூடிச் சோடா குடித்துக்கொண்டு பேசியதை இவள் அடுப்படியிலிருந்து வந்து நாலு வார்த்தையில் செய்கிறாள். நான் தலைமை வகித்ததை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுப்பையா மீசையைத் தடவினார். தரையைப் பார்த்தார். ஒருமுறை என்னையும் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அந்த மனிதர் எழுந்து பட்டாளத்தில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"எழுதுங்க. ராம்துலாரி. கணவர் பேரு சுப்பையா. ரேஷன் கார்டை நான் போயி மாத்திட்டு வாரேன். எத்தனை நாளு ஆபீசுக்கு நடக்கணுமோ நடக்கேன்."

அவர் அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் அது சத்தமாகச் சொல்லப்பட்டது அன்றுதான் என்று பிறகு தெரிந்தது. அவள் உடனே உள்ளே போய்விட்டாள். அம்மி ஓசை மறுபடி கேட்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பின் நாங்கள் இருந்த நாட்களில் ஐந்தருவிக்குப் போனோம், மங்குஸ்தான் பழம் தின்றோம், என் முழங்காலும் பாதி தேவலையாயிற்று. சுப்பையா காப்பி கேட்கும்போதெல்லாம் 'ஏட்டி' என்று ஆரம்பித்து, நிறுத்தி, பெயரைச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை, காலை எட்டு மணி. தென்காசியில் வண்டி ஏறினோம். கடையநல்லூர் தாண்டியும் மலை கூடவே வந்தது. மனைவி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதுரையில் வெயில் எப்படி இருக்கும், பள்ளிக்கூடத்தில் என்ன வேலை காத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் வண்டி நின்றபோது அவள் திரும்பினாள்.

"ஏங்க, நம்ம வீட்டுக்கும் அந்த லிஸ்ட் எழுதுற ஆள் வருவான்ல?"

"வருவான். கோமதின்னு நான் சொல்லிக்கிறேன்."

"உங்கம்மா பேரும் என் பேரும் ஒண்ணா இருந்துச்சு. என்னைத் திட்டினா அவங்களைத் திட்டுற மாதிரி ஆகும்னு கல்யாணத்தன்னைக்கே கோமதின்னு மாத்திட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இருபத்தாறு வருஷம். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் தங்கம்மாள் என்றுதான் அச்சாகியிருந்தது. அதை வண்டி மறுபடி கிளம்பிய பிறகுதான் நினைத்து எடுத்தேன். தேசப்படத்தில் எந்த ஊருக்கு எந்த வருஷம் பெயர் மாறியது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

"அப்ப என்ன எழுதச் சொல்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் என் மனைவி. "ஆள் வந்தா என்னைக் கூப்பிடுங்க. நானே வாசலுக்கு வந்து சொல்லிக்கிறேன்."