நான் பார்த்த வண்டி

கண்ணை மூடினால் அந்த மாட்டுவண்டி வரும். வலத்து மாட்டுக்கு ஒரு கொம்பு மடிந்திருக்கும். வண்டிக்குள் ஈரக் கரிசல் அப்பிய எல்லைக்கல். அதன்மேல் ஒரு காலை ஊன்றியபடி அத்தான் ஓட்டிப் போகிறார். எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் நின்ற கல் அது. இந்தக் காட்சியை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கயத்தாற்றில் இன்றைக்கு எனக்கு மூன்று லாரிகள் ஓடுகின்றன. ஒரு டிரைவர் போன் நம்பரைக்கூட எழுதி வைத்ததில்லை, எல்லாம் தலைக்குள் இருக்கிறது. என்னைப் போல ஞாபகசக்தி உள்ளவன் நாகலாபுரம் வட்டாரத்திலேயே கிடையாது. அக்காளைக் கட்டிய அத்தானோ பத்தாம் வகுப்பு பாஸானவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டைரி. “ஏலே, தலைக்குள்ள எழுதுனா ஒரு மழைக்கு அழிஞ்சு போகும்லே” என்று பத்துப் பேர் நடுவில் சிரிப்பார். அந்த ஆளை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

ஒரு சித்திரையில் கல்லைக் காணவில்லை. ஊர்க்கூட்டத்தில், அத்தான் பிடுங்கி வண்டியில் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். ஊர் என்னை நம்பியது. ‘கல்திருடன்’ என்ற பட்டத்தோடு அவர் அக்காளையும் கூட்டிக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அக்காள் என் வாசலை மிதிக்கவில்லை. அவள் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடித்துணியோடு போனேன். வாங்க மாட்டேன் என்று அத்தான் திருப்பி அனுப்பினார்.

போன மாதம் காட்டில் குழாய் பதிக்க ஜேசிபி வைத்துத் தோண்டினேன். நெஞ்சளவு ஆழத்தில், முன்பு நின்ற இடத்துக்கு நேர் கீழே, அந்தக் கல் கிடந்தது. வெயிலுக்கு வெடித்தும் மழைக்கு மூடியும் கரிசல்தான் அதை விழுங்கியிருக்கிறது. கரிசலில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அத்தான்மேல் இருந்த வெறுப்பு மண்ணைப் பற்றி யோசிக்க விடவில்லை.

அப்படியானால் நான் பார்த்த வண்டி? நினைத்து நினைத்துப் பார்த்தேன். கல் காணாமல் போன அன்று வீட்டில், “அவராத்தான் இருக்கும்” என்றேன். மறுநாள் டீக்கடையில், “வண்டியிலதான் கொண்டு போயிருப்பாரு” என்றேன். அதற்கடுத்து “வண்டியப் பாத்தேன்” என்றேன். கூட்டம் கூடுவதற்குள் மாட்டுக்குக் கொம்பு மடிந்துவிட்டது. வாயால் சொன்னதையெல்லாம் தலை கண்ணால் பார்த்ததாக எடுத்து வைத்துக்கொண்டது. நான் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

குளத்தூருக்குப் போனேன். அத்தான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“கல்லு காணாமப் போனது சித்திரை. ஈர மண்ணு எங்கனருந்துலே வந்துச்சு? அன்னைக்கே கேட்டேன், ஒருத்தன் காதுல வாங்கல.”

“தப்புத்தான் அத்தான்.”

“நீ வேணும்னே பொய் சொல்லியிருந்தா உன் வாயில ரெண்டு போட்டுட்டு விட்டுருப்பேன். நம்பில்லா சொன்னே! அதுக்கு என்னத்தச் செய்ய? எங்கிட்டச் சொல்லாத. அன்னைக்குக் கேட்டவன் எவன் உசுரோட இருக்கானோ, அவங்கிட்டப் போயிச் சொல்லு. உங்கக்கா திருடன் பொண்டாட்டியாச் செத்தா. நானும் அப்படிச் சாகணுமா?”

கோபம் வந்தது. ஆனாலும் போனேன். அன்றைய கூட்டத்தில் இருந்தவர்களில் நான்கு பேர்தான் மிச்சம். கோவில் வாசலில் அவர்களை உட்காரவைத்து, கல் கிடைத்ததைச் சொன்னேன். அத்தான் எடுக்கவில்லை, நான் எந்த வண்டியையும் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, அக்கா போயிட்டாளேன்னு நீங்க பெரிய மனசுல மறைக்கீங்க. ஆனா நானும் பாத்தேம்லா! கொம்பு மடிஞ்ச மாடு. அவரு காலு கல்லு மேலதான் இருந்துச்சு.”

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.