பனிக்குள் கேட்ட விசில்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும். அமாவாசை, நடுநிசி எல்லாம் கிடையாது, காலை டிபன் நேரம்.

எனக்கு ஆவடி கோவில்பதாகை, நண்பன் நசீருக்குப் பூந்தமல்லி. நான் சர்ச்சில் ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிடுவேன், செம்பரம்பாக்கம் ஏரியில் பறவை பார்க்கிற பைத்தியங்கள் நாங்கள். அங்கே பெயர் சொல்லிக் கத்தினால் பறவை பறந்துவிடும். அதனால் ஒருவரை ஒருவர் கூப்பிட மெல்லிய விசில்தான், இரண்டு குட்டை, ஒரு நீளம். கேட்டால் பேசாமல் அந்தத் திசைக்கு நடக்க வேண்டும்.

ஒரு கோடையில் நீலகிரி உச்சியில் ஓர் அணைக்குப் போனோம். தண்ணீர் வற்றிக் கரையெல்லாம் சேறு, ஆளையே முழுங்கும் என்று காவலாளி எச்சரித்துத்தான் அனுப்பினார். நசீர் நீர்ப்பறவை தேடிக் கரைப்பக்கம் போனான், நான் சோலைக்காட்டுக்குள் போனேன். திடீரென்று மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. தலைக்கு மேலேயே நீலகிரி சிரிப்பான் குருவி கத்திக்கொண்டிருந்தது, அதைக் கலைக்க மனசில்லாமல் மூச்சுவிடாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

பனி விலகியதும் நசீர் ஓடி வந்தான், தொடைவரை சேறு. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

"மச்சான், நீ மட்டும் கத்தலன்னா இந்நேரம் நான் காலிடா."

"நான் எங்கடா கத்தினேன்?"

"வெளாடாத. தண்ணி பக்கம் நம்ம விசில் கேட்டுது, நீதான்னு நெனச்சி நடந்துகினே போய்ட்டேன். காலு சேத்துல எறங்குது, விசிலு இன்னும் உள்ளாற கேக்குது. அப்பதான் பின்னாலேர்ந்து நீ கத்தின."

ஏதாவது பறவை அந்த விசிலை மிமிக்ரி செய்திருக்கும் என்பீர்கள். பறவை எனக்குத் தெரியும் சார். அந்த மலையில் நாங்கள் ஒரு தடவைகூட விசிலடிக்கவில்லை, காதில் விழாததை எந்தப் பறவையும் திருப்பிச் சொல்லாது. சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன்.

"இன்னான்னுடா கத்தினேன்?"

"'நசீரு, நில்லு, விசிலடிக்கறது நான் இல்ல'ன்னு கத்தினியே. உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

உயிரைக் காப்பாற்றிய அண்ணன் என்று அவன் மனைவி பெருநாள் தவறாமல் பிரியாணி கொடுத்தனுப்புகிறாள். வாங்கிக்கொள்கிறேன், வேறென்ன செய்வது? ஆனால் அந்தப் பனிக்குள் என் காதில் எந்த விசிலும் விழவில்லை. யாரோ விசிலடிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. என் குரலுக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது?