கீழே போகப் போக இறுகும் நிலம்

தண்ணீர்த் தாங்கியை முதன்முதலாக நிரப்பிய அன்று அப்பா நின்றார், அம்மா நின்றார், மேசன் அண்ணை நின்றார், நானும் நின்றேன். அக்கா மட்டும் இல்லை. இறுப்பிட்டியில் எழும்பிக்கொண்டிருந்தது அவளுடைய வீடு, அவளுடைய சம்பளத்தில். தைக்கு முன் குடிபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு வழமைபோல ஊர்காவற்றுறைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த வீட்டுத் தாங்கியின் தூண்களுக்கு இடம் குறித்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள். வளவில் அதிர்வைக் கேட்கும் கருவிகளை வரிசையாகக் குத்தி, இரும்புத் தட்டில் சம்மட்டியால் அடித்து, அலை ஓடுவதைப் பதிந்தேன்; இறுகிய நிலத்தில் அது வேகமாக ஓடும். எந்த ஆழத்தில் என்ன வேகம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கணினி நிரல் எழுதியிருந்தேன். அது நூறு கற்பனை நிலங்களை உருவாக்கும். பதிவோடு பொருந்தாதவை சாகும். பொருந்துபவை கலந்து பிள்ளை பெறும். பல தலைமுறை கழிந்து மிஞ்சிய நிலம், மேலே கல், கீழே அதைவிட இறுகிய கல் என்றது. பொருத்தம் கொஞ்சம் பிசகித்தான் இருந்தது. காற்றின் இரைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அத்திவாரக் குழியில் நின்று மேசன் அண்ணை கேட்டார்: "தம்பி, இன்னும் ரெண்டடி கிண்டிப் பாப்பமே?"

"தேவையில்லை அண்ணை. கீழ போகப் போக இறுக்கம்தான்."

"விடும்," என்றார் அப்பா அவரிடம். "பெடியன் அலவாங்கில்லாமலே கிண்டிப்போட்டான்."

தாங்கி முக்கால்வாசி நிரம்பியபோது நிலத்துக்குள் ஏதோ முறிந்தது. கிழக்குத் தூண் ஒரு முழம் கீழே இறங்கியது. கண் பார்த்தது, மனம் நம்பவில்லை. தாங்கி சரிந்து குசினிச் சுவரை உடைத்துக்கொண்டு விழுந்தது. சற்று முன்னர்தான் மேசன் அண்ணை அந்தச் சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டார். அவ்வளவு தண்ணீரும் தூணடியில் திறந்த பொந்துக்குள் போய் மறைந்தது.

அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "நீ எங்கட கிணத்துக்குள்ள ஒருநாளும் எட்டிப் பாக்கேல்லையே? மேலதானே கல்லு. கீழ கையால நோண்டலாம்."

பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தவன்.

மடிக்கணினியைத் திறந்தேன். நான் எழுதிய ஒரு வரி: கீழ் அடுக்கின் வேகம் மேல் அடுக்கைவிடக் குறையக் கூடாது. படித்த பாடத்தில் நிலம் அப்படித்தான் இருந்தது. அந்த வரியால் எங்கள் ஊர் நிலம் போன்ற ஒன்றுகூட நிரலுக்குள் பிறக்கவில்லை. பிறக்காதது எப்படி மிஞ்சும்? வரியை அழித்துவிட்டு அதே சம்மட்டி அடிகளைத் திரும்பக் கொடுத்தேன். சில நிமிடங்களில் விடை வந்தது: ஐந்தடிக்குக் கீழே வேகம் பாதியாக விழுகிறது. பதிவில் அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

பின்னேர பஸ்ஸில் அக்கா வந்தாள். செருப்போடு சேற்றில் நின்று பார்த்தாள்.

"ஆருக்கும் ஒண்டுமில்லையே?"

"இல்லை அக்கா."

"அப்ப தைக்கு ஏலாது, என்ன?"

நான் தலையாட்டினேன். மேசன் அண்ணை விரல் மடித்துக் கூட்டி, மூன்று இலட்சத்துக்குள் முடிக்கலாம் என்றார். பொந்தை நிரப்பி, தூண், தாங்கி, சுவர் எல்லாம் திரும்ப எழும்பியபோது செலவானது நான்கு இலட்சத்துப் பன்னீராயிரம் ரூபாய்.