மூன்றாம் ஓலைக்கு அப்பா சொன்ன தடை

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களை அந்த வருஷங்களில் ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது. "நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீயளா? எந்தத் தேதி?" வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டார்கள். கேட்டவர்களிலேயே பெரிய தொந்தரவு என் அப்பாதான். நான் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அப்பாவுக்குத் தொழில் ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் பத்திரம் எழுதுவது. தேதி இல்லாத பத்திரம் செல்லாது என்பது அவருக்கு இரண்டாவது வேதம். அப்படிப்பட்ட மனிதரை ஒரு கோடையில் ஆற்று மணலில் கொட்டகை போட்டு நடந்த கூட்டங்களுக்கு யாரோ அழைத்துப் போய்விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், இன்றைக்குச் செத்தால் மோட்சம் போவோம் என்று நிச்சயம் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றாராம். முதல் நாள் அப்பா எழவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை, கொட்டகையில் விளக்கு ஏற்றுகிற நேரத்தில், எழுந்துவிட்டார்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஊரில் பேதி பரவும் போதெல்லாம் அப்பா தூங்கமாட்டார். தான் எங்கே போவோமோ என்ற பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார். பொடி போடுவதை விட்டார். அம்மாவிடம் குரல் உயர்த்துவதை விட்டார். இத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பிரசங்கியாருக்கு நானே மாலை போட்டிருப்பேன். நிறுத்தவில்லையே! தனக்கு ஒரு தேதி கிடைத்தது போல உலகத்தில் எல்லோருக்கும் ஒரு தேதி இருந்தாக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

பால்காரரைக் கேட்டார். எங்கள் வேதக்கோயிலில் மணி அடிக்கிறவரைக் கேட்டார். பத்திரம் எழுத வந்த சைவப் பிள்ளைமார் ஒருவரைக்கூட விடவில்லை. அவர் சீவலப்பேரியில் நிலபுலன் உள்ளவர், பொறுமைசாலி. "அண்ணாச்சி, நான் வயல எழுதிக்கொடுக்கத்தான் வந்தேன். என்னய எழுதிக்கொடுக்க வரல" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மரத்தடியில் இருந்த வேறொரு எழுத்தரிடம் போய்விட்டார். அப்பாவுக்கு அன்றைய வரும்படி போயிற்று. அதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை, அம்மாவுக்குத்தான்.

இதெல்லாம் வீட்டுக்கு வெளியே நடந்தவரை நான் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு அதுவே போதுமான தலைவலி. ஆனால் கேள்வி என் கலியாணத்துக்கே வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டு வீட்டுக்கும் சம்மதமாகி, கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று எங்கள் சபை ஐயர், அதாவது குருவானவர், கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். எனக்குத் தெரிந்து யாரும் எழுந்து தடை சொன்னதில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கிள்ளி அடக்குவார்கள், இருமுகிறவர்கள் இருமி முடிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம் மாப்பிள்ளை ஒரு வாழைத்தாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தாரைக் கீழே வைக்கக்கூட விடாமல் அப்பா ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீயளா?"

"எங்க தாத்தா காலத்துலேயே நாங்க வேதத்துக்கு வந்துட்டோம் மாமா. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து நான் அவர நம்பிக்கிட்டுதான் இருக்கேன்."

"அது உங்க தாத்தா சங்கதி. உங்களுக்கு எந்த நாள்?"

"ஒரு நாள்னு சொல்லத் தெரியல மாமா."

"சரி, நிச்சயமாவது இருக்கா?"

அவர் யோசித்தார். யோசிக்க வேண்டிய இடமா அது? "சில நாள் இருக்கு. சில நாள் இல்ல" என்றார்.

எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம் பெரிது. வருஷத்தில் எத்தனை வியாழக்கிழமை இருக்கிறது! ஒன்றைப் பொறுக்கிச் சொன்னால் வாய் வெந்தா போகும்? கலியாணப் பலகாரத்துக்கு அரிசி இடித்தாகிவிட்டது. உறவுக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இவர் இங்கே உட்கார்ந்து சில நாள் இருக்கு, சில நாள் இல்லை என்கிறார். இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டுமே என்று எரிச்சலாக இருந்தது. அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் முடிவு செய்ததும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

மூன்றாம் ஞாயிறு. ஐயர் ஓலை வாசித்து, வழக்கம் போல நிறுத்தி, வழக்கம் போல அடுத்த பக்கத்தைப் புரட்டக் கையை எடுத்தார். ஆண்கள் பக்கம் ஒரு ஆள் எழுந்து நின்றது. பார்த்தால் என் அப்பா!

"தடை இருக்கு ஐயரே."

ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பொண்ணுக்குத் தகப்பன் நீருதானே?"

"நான்தான். மாப்பிள்ளைக்கு இரட்சிப்பின் நிச்சயம் இல்ல. விசுவாசியையும் அவிசுவாசியையும் ஒரே நுகத்துல பூட்டக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவி மனுசன், பாவி மனுசன்" என்று முணுமுணுத்தாள். பாவமெல்லாம் போய்விட்டது என்று அந்த மனிதருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததுதான் தொல்லையே.

ஆராதனை முடிந்ததும் ஐயர் அப்பாவை அங்கி மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். வாசல்வரை கேட்கும்படி சத்தம் வந்தது. "முந்தியே ஒரு பொண்டாட்டி இருக்கா, நெருங்கின ரத்த உறவா, அதத்தான்வே கேக்குதோம். மனசுக்குள்ள இருக்கதத் தடைன்னு எழுந்தா, இந்த ஊர்ல ஒரு கலியாணம் நடக்காது!" ஆனாலும் பெற்ற தகப்பன் மனசில்லாமல் தாலியைத் தொட மாட்டேன், வீட்டில் பேசி முடித்துக்கொண்டு வாரும் என்று அனுப்பிவிட்டார். ஆக, என் கலியாணம் அப்பாவின் கையில் விழுந்தது.

வீட்டில் அம்மா அடுப்பே மூட்டவில்லை. "எனக்கும்தான் தேதி இல்ல. இத்தன வருசம் என் கையால தின்னீயளே, அது எந்த நுகம்?" என்று கேட்டாள்.

"உனக்காக நான் தெனமும் ஜெபிக்கேன்" என்றார் அப்பா, மிகவும் சாந்தமாக. அந்தச் சாந்தம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கத்துகிற மனிதரோடு சண்டை போடலாம். உனக்காக ஜெபிக்கிறேன் என்கிறவரை என்ன செய்வது?

அதுவரை வாயைத் திறக்காத நான் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, எனக்கும் தேதி இல்ல."

அப்பா சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். அம்மாவை இரட்சிக்கப்படாதவளாகப் பார்க்க அவரால் முடிந்திருக்கிறது, என்னைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. பிறகு எனக்கு ஒரு தேதியைத் தேட ஆரம்பித்தார்.

"உனக்கு அம்ம போட்டிருந்தப்போ கையக் கூப்பி ஜெபிச்சியேம்மா. நான் பாத்தேனே. அந்த நாளா இருக்கும்."

"எளநி வேணும்னு ஜெபிச்சேன்ப்பா."

"கோயில்ல உனக்குத் திடப்படுத்தல் நடந்த அன்னைக்கு? அத்தியட்சர் உன் தலையில கை வச்சப்போ அழுதியே?"

"புதுச்சேல நழுவிருமோன்னு பயந்து அழுதேன்."

அவர் இன்னும் இரண்டு மூன்று நாட்களைச் சொல்லிப் பார்த்தார். இல்லை, இல்லை என்றேன். ஒவ்வொரு இல்லைக்கும் அவர் முகம் சுருங்கியது. நான் நிறுத்தவில்லை. "நான் அவர நம்புதேன்ப்பா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஆளும் அதத்தானே சொன்னாரு? அப்ப நுகம் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போனார். வாதத்தில் அவரை மடக்கிவிட்டேன் என்ற திமிரோடு நான் நின்றேன். அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்ததை அம்மாதான் காட்டினாள்.

அடுத்த ஞாயிறு ஐயர் மறுபடியும் ஓலை வாசித்தார். சபை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

"தடைய வாபஸ் வாங்குதேன் ஐயரே. விசாரிச்சுப் பாத்ததுல என் மகளும் இரட்சிக்கப்படல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

இப்படித்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. ஊர் சிரித்து முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

மாட்டுவண்டியில் ஆற்றோரமாகவே என் கணவர் ஊருக்குப் போய்க் குடித்தனம் தொடங்கினேன். மற்றப் பெண்களைத் தகப்பன்மார் பார்க்க வந்தால், ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். என் அப்பாவும் ஆவலோடு, "ஏதும் உண்டாம்மா?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என் வயிற்றைப் பார்ப்பார்கள். அவர் கேட்டது தேதியை. எனக்கு முதல் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில்கூட, தொட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்தபடி என் பக்கம் திரும்பி அதைத்தான் கேட்டார். இல்லை என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். ரயிலடியில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளையைப் பார்ப்பது போல இருக்கும் அந்தப் பார்வை. அதற்குப் பயந்தே சில சமயம் அவர் வராவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறேன்.

சில வருஷம் கழித்து ஐப்பசி மழையில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வைத்தியர் கையை விரித்தார். நானும் கணவரும் போய்ச் சேர்ந்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். சாவைப் பற்றி அவருக்குத் துளியும் பயமில்லை. பேதிக்குப் பயந்து தூங்காமல் கிடந்த மனிதரா இவர் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் என்னைக் கண்டதும் அழுதுவிட்டார்.

"நான் போயிருவேன்ம்மா. அங்கன உன்னப் பாக்க முடியாதே."

கணவர் என்னை ஜன்னல் பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில், "சும்மா ஒரு நாளச் சொல்லிரேன். அவரு நிம்மதியாப் போவாரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை என்ன செய்திருப்பேனோ! இந்த யோசனை இவருக்கு வாழைத்தாரோடு வந்த அன்றைக்கு வந்திருக்கக் கூடாதா?

சொல்லிவிடத்தான் கட்டிலுக்குத் திரும்பினேன். ஒரு வியாழக்கிழமையை நாக்கு நுனியில்கூட வைத்துக்கொண்டேன். அப்பா என் கையைப் பிடித்தார். அந்தக் கையில் பொய்யை வைக்க என்னால் முடியவில்லை. கோபம்தான் வந்தது. சாகக் கிடக்கிறவரிடம் கோபப்பட்டேன்.

"பாக்க முடியாதுன்னா சும்மா ஒக்காந்துருவீயளாக்கும்? நான் அங்கன இல்லன்னா தேட மாட்டீயளா?"

அப்பா அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தில் எல்லை நான்கையும் சரிபார்க்கிற முகத்தோடு யோசித்தார்.

"தேடுவேன்."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்குற வர தேடுவேன். உன்ன விட்டுட்டு நான் எப்படி ஒக்காருவேன்?"

"நீங்களே ஒக்கார மாட்டீய. உங்களப் படைச்சவரு மட்டும் என்னய விட்டுட்டு ஒக்காந்துருவாராப்பா?"

அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் முகத்தையே பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற என் கணவரைப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளையையும் சேத்துத்தான் தேடணும்" என்றார்.

அம்மா கஞ்சியைக் கலக்கிக்கொண்டே வந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"நானும் அங்கனதான் நிப்பேன். மூணு பேரும் ஒரே இடத்துல இருப்போம். ரொம்ப அலைய வேண்டாம். குடிங்க."